சுண்ணாம்பு நாட்டில் எண்ணெய்ச் சவ்வு

அரியலூர்ப் பக்கம் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே அந்த ஊர் மண்ணைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வருவது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இந்த நிலத்தின் மேல் கடல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அது விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்று இங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரமும், காரை மேடுகளின் களிமண்ணுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் ஜிப்சமும் அதே கடலின் மிச்சங்கள்.

நிலத்தடி நீர் இந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம், 2012-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 10500, கால்சியத்துக்கு லிட்டருக்கு 75 மில்லிகிராம் என்று அளவு வைத்திருக்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 200 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் போர்வெல் தண்ணீரை ஈ.டி.டி.ஏ. வைத்துத் தரம்பார்க்கும்போது, பியூரெட்டில் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்தே பாட்டில் எந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பெரம்பலூரில் வேதியியல் சொல்லித்தரும் எனக்கு, உலோக அயனிகளைத் திரவச் சவ்வு வழியாகப் பிரிப்பதுதான் பல காலமாக மனதுக்கு நெருக்கமான வேலை. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை காய்ச்சி வடித்த நீரில், ஒரே ஒரு உலோக உப்பைக் கரைத்துச் செய்யப்பட்டவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை, எதையும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் எங்கள் கைக்கு வருவது இந்த ஊர்த் தண்ணீர். அதில் எந்த உலோகத்தைத் தேடினாலும் கால்சியம் முன்னால் வந்து நிற்கும்.

திரவச் சவ்வு என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு நான் முதலில் வாயால் விளக்குவதில்லை. அகன்ற பீக்கர் ஒன்று, அதன் நடுவே அடியை ஒட்டி நிற்கும் கண்ணாடித் தடுப்பு. ஒரு பக்கம் தாமிர சல்பேட்டின் இளநீலக் கரைசல். மறுபக்கம் நிறமற்ற நீர்த்த கந்தக அமிலம். இரண்டும் தடுப்பின் விளிம்புக்குக் கீழேயே நிற்கும். மேலே மெதுவாக எண்ணெயை ஊற்றினால் அது தடுப்பைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் ஒரே போர்வையாக மூடிவிடும். எண்ணெய்க்குள் ஏற்கெனவே ஒரு கேரியரைக் கரைத்திருப்போம், அதாவது உலோகத்தைப் பிடித்துச் சுமந்து செல்லும் ஒரு கரிமச் சேர்மத்தை. அடுக்குகள் உடையாதபடி நிதானமாகக் கலக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வந்து பார்த்தால் நீலம் இடம் மாறியிருக்கும். வெளுத்த பக்கம் வேறு, நீலமான பக்கம் வேறு. நடுவில் இருந்தது எண்ணெய் மட்டும்தான்.

வியப்பு அதோடு முடிவதில்லை. இரண்டு பக்கமும் தாமிரம் சமமாகும்போது ஓட்டம் நிற்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிற்காது. குறைவான பக்கத்திலிருந்து கூடுதலான பக்கத்துக்குத் தாமிரம் ஏறிக்கொண்டே இருக்கும். காரணம் எதிர்த்திசையில் வரும் ஹைட்ரஜன் அயனி. டை-எத்தில்ஹெக்சைல் பாஸ்பாரிக் அமிலம் என்ற கேரியரை நாங்கள் சுருக்கமாக டெப்பா என்போம். அது ஒரு தாமிர அயனியைப் பிடிக்கும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை நீருக்குள் விடுகிறது. மறுகரையில் அமிலம் நிறைந்திருப்பதால் தாமிரத்தை விட்டுவிட்டு ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. மலையேறுவதற்கான ஆற்றலை அமிலத்தின் இறக்கம் கொடுக்கிறது. அதனால்தான் ஒரு லிட்டரில் சில மில்லிகிராமே இருக்கும் உலோகத்தையும் சின்னக் கொள்ளளவுக்குள் திரட்டிவிட முடிகிறது.

பீக்கரில் செய்வது கற்றுக்கொள்ள. வேலைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நுண்துளைகள் கொண்ட டெஃப்லான் அல்லது பாலிபுரொப்பிலீன் தாளை எண்ணெயில் ஊறவைத்து இரண்டு அறைகளுக்கு நடுவே பொருத்துவது ஒன்று. துளைகளுக்குள் தங்கும் எண்ணெய்தான் அங்கே சவ்வு. ஒரு உள்ளங்கை அளவுத் தாளுக்குச் சில துளி போதும். இன்னொன்று பால்மம். அமிலத்தை எண்ணெய்க்குள் நுண்துளிகளாகச் சிதறடித்து, அந்தப் பால்மத்தையே கழிவுநீருக்குள் கலக்குவது. நார்மன் லி என்ற அமெரிக்க வேதிப் பொறியாளர் 1968-இல் காப்புரிமை பெற்ற முறைதான் இந்த வழிக்குத் தொடக்கம். சாதாரணக் கரைப்பான் பிரிப்பில் கழிவுநீருக்குச் சமமாகக்கூட எண்ணெய் தேவைப்படும். இங்கே மிகக் கொஞ்சம். கேரியர் விலை உயர்ந்த பொருளாக இருக்கும்போது இந்தச் சிக்கனம் பெரிய விஷயம்.

எந்த எண்ணெய் என்பதுதான் அடுத்த கேள்வி. துறை வளர்ந்த காலத்தில் பதில் எளிது: மண்ணெண்ணெய், டோடெக்கேன், டொலுவீன், குளோரோஃபார்ம். ஓட்டம் வேகமாக இருக்கும், கேரியர் நன்றாகக் கரையும். கூடவே ஆய்வகத்தில் தலைவலியும் வரும். குளோரோஃபார்ம் ஈரலைத் தாக்கும். மண்ணெண்ணெயின் ஆவி 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பெரம்பலூர்ச் சித்திரை வெயிலில் அந்த எண்ணுக்கு அதிக தூரம் இல்லை. இவை கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள்ளும் கசியும். உலோகத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பெட்ரோலியப் பொருளை விட்டுவைத்தால் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ததாக எப்படிச் சொல்வது? பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் 1998-இல் பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை வகுத்தபோது ஐந்தாவதாக வைத்தது இதைத்தான்: கரைப்பான் இல்லாமல் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் தீங்கற்றதாக இருக்கட்டும்.

தாவர எண்ணெய்க்கு வந்தவர்கள் பலர். மலேசியாவில் பாமாயிலும் சோயா எண்ணெயும் கொண்டு தாமிரம் பிரிக்கும் வேலை தொடர்ந்து நடந்திருக்கிறது. எனக்கு நெருக்கமானது சென்னையில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில் பழனிவேலுவும் அவருடைய குழுவினரும் தாவர எண்ணெய்களைச் சவ்வாக வைத்துச் சாயங்களையும் ஃபீனாலையும் பிரித்தார்கள். தாமிர முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரிலிருந்து தாமிரத்தை டெப்பாவும் தேங்காய் எண்ணெயும் கொண்டு பிரித்த அவர்களுடைய கட்டுரை 2007-இல் வந்தது. தமிழ்நாட்டில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிற ஒரு பொருள் ஆய்விதழின் தலைப்பில் கரைப்பானாக இடம்பெற்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த உற்சாகம் இன்னும் குறையவில்லை. கடையில் கிடைப்பதை நாமும் வாங்கலாம். சிறு கல்லூரியும் செய்யலாம்.

எண்ணெயை நான் செக்கிலிருந்துதான் வாங்குகிறேன். டின்னில் வரும் சுத்திகரித்த எண்ணெய் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும், அது ஆய்வுக்கு வசதிதான். ஆனால் அதில் சேர்த்திருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் என்ன செய்யும் என்று தனியாகப் பார்க்க வேண்டும். செக்குக்காரர் என் வேலையை அறிந்தவர்.

“டீச்சர், சாப்பாட்டுக்கா, பீக்கருக்கா?”

“பீக்கருக்குத்தான் அண்ணே. கசண்டு இல்லாம குடுங்க.”

“அப்ப ரெண்டு நாள் வெயில்ல தெளிய வெச்சுத் தரேன். ஈரம் இருந்தா எண்ணெய் காறிப்போகும்.”

அவர் சொல்வது சரியான வேதியியல். எண்ணெயில் தங்கிய ஈரம் அதை மெல்ல மெல்லப் பகுத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கும். ஆய்வகத்துக்கு வந்ததும் எண்ணெயை நீர்த்த அமிலத்தாலும் பிறகு வெந்நீராலும் கழுவி, உலர்த்தி, அமில எண்ணைத் தரம்பார்த்து எழுதிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இந்தக் கடைசிப் படியை மாணவர்கள் அலுப்பாக நினைப்பார்கள். நான் விடுவதில்லை, காரணம் இருக்கிறது. விடுபட்ட கொழுப்பு அமிலமும் ஒரு கேரியர்தான். நாம் சேர்க்காமலே எண்ணெய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டு தன் பங்குக்கு உலோகத்தைப் பிடிக்கும்.

வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும் யாரும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். சில நாள் எண்ணெய் தேங்கிய பித்தளை அகலில் எண்ணெய் பச்சையாகிப் பிசுபிசுக்கும். பழைய எண்ணெயின் கொழுப்பு அமிலம் பித்தளையிலிருந்து தாமிரத்தை எடுத்துத் தாமிரச் சோப்பாக மாற்றி எண்ணெய்க்குள் கரைத்துவைத்திருக்கிறது. எங்கள் பீக்கரில் நடப்பதும் அதே வேதிவினை. என்ன வித்தியாசம் என்றால், விளக்கில் மறுகரை இல்லை; பிடித்த தாமிரத்தை எங்கும் இறக்கிவைக்க முடியாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. கேரியர் சேர்க்காத வெறும் எண்ணெயை முதலில் ஓட்டிப் பார்த்து, அது தானாக எவ்வளவு கடத்துகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே டெப்பாவைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் எண்ணெயின் வேலையைக் கேரியரின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு குணம் உண்டு. தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. அயோடின் எண் 10-ஐத் தாண்டாது. ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது. ஆனால் 24, 25 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழியிலும் தையிலும் காலையில் ஆய்வகத்தைத் திறந்தால் சவ்வு வெண்மெழுகாகக் கெட்டிப்பட்டிருக்கும், கலக்கிக் கம்பி அதற்குள் சிக்கி நிற்கும். கெட்டியான எண்ணெய்க்குள் கேரியர் நகர முடியாது. வெயில் ஏறி எண்ணெய் இளகிய பிறகுதான் கடத்தல் மறுபடி தொடங்கும். அந்த மாதங்களில் வெந்நீர்த் தொட்டியில் வைத்துத்தான் வேலை, அல்லது கடலை எண்ணெய்க்கு மாறிவிடுவோம். கடலை எண்ணெய் பெரம்பலூர் விளைச்சல், ஆண்டு முழுவதும் திரவம். அயோடின் எண் 85-இலிருந்து 99 வரை, அதாவது இரட்டைப் பிணைப்புகள் அதிகம், நாள்படக் காறும். நல்லெண்ணெயிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஆனால் அதிலுள்ள செசமால் அதைக் காக்கிறது. விளக்கெண்ணெயைச் சவ்வுக்கு நான் விரும்புவதில்லை. கெட்டி. கேரியர் அதற்குள் நகர்வதற்குள் பொழுது போய்விடும்.

தாவர எண்ணெய்களின் பொதுவான குறை இந்தப் பாகுநிலைதான். மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் கடலை எண்ணெய் பல மடங்கு கெட்டி. கெட்டியான திரவத்தில் விரவல் மெதுவாகவே நடக்கும். தாவர எண்ணெய் மண்ணெண்ணெய்க்கு நிகரான வேகம் தரும் என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன். தருவது வேறு: துளைத்தாளில் ஊறவைத்த எண்ணெய் சீக்கிரம் வெளியேறாது, நீரில் கரையாது, ஆவியாகாது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்குகிறோம். கழிவுநீர் வேலைக்கு இந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

இப்போது கால்சியத்துக்கு வருகிறேன். நாங்கள் உண்மையில் எதையாவது கற்றோம் என்றால் அது இதில்தான்.

போர்வெல் தண்ணீரில் தாமிர சல்பேட்டைக் கரைத்தால் தெளிந்த நீலம் வராது. பச்சை கலந்த கலங்கல் வரும், தாமிரத்தின் காரக் கார்பனேட். நீரிலுள்ள பைகார்பனேட் செய்யும் வேலை. துளித்துளியாக அமிலம் விட்டால் பீக்கரின் சுவரெங்கும் கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டிக்கொண்டு மேலேறும், கலங்கல் தெளியும். பி.எச். 4-க்கு வந்ததும் நிறுத்திக்கொள்வோம். டெப்பாவுக்குத் தாமிரத்தைப் பிடிக்க உகந்த இடம் அது. பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். கால்சியம் எங்கும் போகவில்லை, நிறமில்லாமல் உள்ளேயே இருக்கிறது.

டெப்பா உலோகங்களைப் பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. பி.எச். குறைவாக இருக்கும்போதே ஃபெர்ரிக் இரும்பைப் பிடித்துவிடும். கொஞ்சம் ஏறினால் துத்தநாகம். அடுத்தது கால்சியம். அதற்கும் அடுத்துத்தான் தாமிரம். பிறகு கோபால்ட், நிக்கல். எங்கள் ஊர் நீரில் மிகுதியாக இருக்கும் அயனி, நாங்கள் தேடும் அயனிக்கு ஒரு படி முன்னால் வரிசையில் நிற்கிறது. கேரியரில் பாதியைக் கால்சியமே எடுத்துக்கொண்டால் தாமிரத்துக்கு மிச்சம் எங்கே?

அதன் விளைவு மறுகரையில் தெரியும். கந்தக அமிலப் பக்கம் முதலில் தெளிவாகவே இருக்கும். நேரம் போகப் போக, எண்ணெய் அமிலத்தைத் தொடும் எல்லையில் மினுமினுப்பு தோன்றும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முடியைவிட மெல்லிய ஊசிகள், ஒளியில் வெட்டி வெட்டி மறையும். பிறகு அவை கூடி வெள்ளைப் பொருக்காக அடியில் இறங்கும். ஜிப்சம். லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராமுக்கு மேல் அது நீரில் கரையாது. சவ்வு கால்சியத்தைத் திரட்டித் திரட்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. காரை மேடுகளில் கிடப்பதும், சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க ஆலைகளில் கிளிங்கரோடு சேர்த்து அரைப்பதும் இதே பொருள்தான். துளைத்தாள் சவ்வாக இருந்தால் இந்த ஊசிகள் துளை வாயில் வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தத் தாள் எதற்கும் ஆகாது.

இதைப் பார்த்த மாணவர் ஒருவர் கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைக்கலாமே என்றார். வைக்கலாம், கால்சியம் குளோரைடு நன்றாகக் கரையும், பொருக்கு வராது. ஆனால் கால்சியம் தாமிரத்தோடு சேர்ந்தே மறுகரைக்கு வந்திருக்கும். பிரிக்கவில்லை, ஒளித்துவைத்திருக்கிறோம். பொருக்கு நமக்கு ஒன்றைத் தெரிவிக்கிறது, அதைக் கேட்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

வழி கேரியரில் இருக்கிறது. லிக்ஸ் 84 போன்ற ஹைட்ராக்ஸி-ஆக்சைம் வகைகள் பி.எச். 2-ஐ ஒட்டியே தாமிரத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த அமிலத்தன்மையில் கால்சியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உலகின் பெரிய தாமிரச் சுரங்கங்கள் பலவற்றில் தாமிரத்தைப் பிரிக்க இந்த வகைச் சேர்மங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். தாமிரத்தை ஆக்சைமின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரு பக்கமும் சதுரமாகக் கவ்வுகின்றன. அந்த வடிவம் தாமிரத்துக்குப் பொருந்துகிறது, கால்சியத்துக்குப் பொருந்தவில்லை. துத்தநாகத்துக்கும் இதே மாதிரியான விடை உண்டு. ஆஸ்திரியாவின் லென்சிங்கில் விஸ்கோஸ் ஆலைக் கழிவிலிருந்து துத்தநாகத்தை மீட்க 1980-களில் பால்மச் சவ்வு ஆலை இயங்கியபோது, கந்தகம் ஏறிய பாஸ்பாரிக் அமில வகையைக் கேரியராக எடுத்துக்கொண்டார்கள். கந்தகத்துக்குத் துத்தநாகம் பிடிக்கும், கால்சியம் பிடிக்காது.

ஆக, தேர்வுத்திறனை எண்ணெய் தருவதில்லை. கேரியரும், பி.எச்.சும், மறுகரையில் என்ன அமிலம் என்பதும் சேர்ந்து தருகின்றன. எண்ணெய் இடம் கொடுக்கிறது, அவ்வளவே. ‘தேங்காய் எண்ணெய் தாமிரத்தைப் பிரிக்கிறது’ என்று மாணவர்கள் சுவரொட்டியில் எழுதினால் திருத்தச் சொல்கிறேன். எந்த நீரில், எந்தக் கேரியரோடு, எந்த பி.எச்.சில் என்று இல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை.

இரும்பைப் பற்றியும் ஒரு சொல். ஃபெர்ரிக் இரும்பு டெப்பாவில் ஏறினால் லேசில் இறங்காது. மற்ற உலோகங்களைக் கழற்றும் நீர்த்த அமிலம் அதை அசைக்காது. அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். எண்ணெய் நாளாக ஆகப் பழுப்பேறினால் முதலில் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். நீரில் இரும்பு இருந்தால் முன்கூட்டியே படியவைத்து வடிகட்டிவிடுவது உத்தமம்.

குரோமேட் வேறு வகை. தமிழ்நாட்டில் குரோமேட்டிலுள்ள அறுமதிக் குரோமியம் என்றதும் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையின் கழிவு மேடு நினைவுக்கு வரும். முலாம் பூசும் பட்டறைக் கழிவில் இந்தக் குரோமியத்தை டிரைபியூட்டைல் பாஸ்பேட் கொண்டு சவ்வு வழியே மீட்கும் வேலையும் அதே அண்ணா பல்கலைக்கழக மையத்திலிருந்து 2005-இல் வந்தது. தாவர எண்ணெயோடு இதைச் செய்ய நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அமிலத்தில் குரோமேட் வலுவான ஆக்சிஜனேற்றி. கடலை எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைக் கண்டால் சும்மா விடாது. ஆரஞ்சு நிறம் குறைந்தால் குரோமியம் கடந்து போய்விட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது, எண்ணெயைத் தின்று பச்சை நிற மும்மதிக் குரோமியமாக மாறியிருக்கலாம். மறுகரையில் வந்து சேர்ந்ததை அளந்தால்தான் உண்மை தெரியும். இப்படிப்பட்ட வேலைக்கு நிறைவுற்ற தேங்காய் எண்ணெய் பாதுகாப்பானது.

பசுமைக் கரைப்பான் என்ற பெயரில் வரும் மற்றவற்றையும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். அயனித் திரவங்கள் ஆவியாவதில்லை என்பதால் ஒரு காலத்தில் பெரிய வரவேற்பு இருந்தது. ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் கொண்டவை நீரும் அமிலமும் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு தரும். கண்ணாடியை அரிக்கும் பொருளை ஈனும் ஒன்றைப் பசுமை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பல அயனித் திரவங்கள் உலோகத்தை வாங்கிக்கொள்ளும்போது தம் நேர் அயனியையே நீரில் விட்டுவிடுகின்றன. அதுவும் நீரை மாசாக்குவதுதான்.

ஆழ் உருகுநிலைக் கரைப்பான்கள் இதைவிட நம்பிக்கை தருகின்றன. 2003-இல் பிரிட்டனின் லெஸ்டரில் ஆண்ட்ரூ அபட் குழுவினர் கோலின் குளோரைடையும் யூரியாவையும் கலந்து அறை வெப்பத்தில் திரவமாக்கிக் காட்டினார்கள். அது நீரில் கலந்துவிடும், ஆகவே சவ்வுக்கு உதவாது. நீரோடு சேராத வகைகள் 2015-இல் வந்தன, மென்தால் கொண்டவையும் கொழுப்பு அமிலம் கொண்டவையும். நம்மூரில் இது புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கி ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால், சூடே காட்டாமல் மூன்று திடப்பொருளும் திரவமாகிவிடும். சளிக்கும் வயிற்றுக்கும் அந்தத் துளிகளைப் பயன்படுத்தும் வீடுகள் பல. ஓம உப்பு தைமால், புதினா உப்பு மென்தால். வகுப்பில் இதைச் செய்து காட்டிவிட்டுத்தான் உருகுநிலை வரைபடத்தைப் பலகையில் போடுவேன். வரைபடத்தின் அடிப்பள்ளம் எதைக் குறிக்கிறது என்று அப்போது யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது. தைமாலும் மென்தாலும் சேர்ந்த கலவை தாவர எண்ணெயைவிட நன்றாக ஓடும், கேரியரையும் கரைக்கும். ஆனால் கொஞ்சம் நீரில் கரையும், கொஞ்சம் ஆவியாகும். வாசனை வருகிறது என்றாலே சவ்விலிருந்து ஏதோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். விலையும் கடலை எண்ணெயின் விலை அல்ல.

பசுமை என்ற சொல்லை நான் அளந்துதான் செலவழிக்கிறேன். டெப்பாவும் லிக்ஸும் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வருபவை. தேங்காய் எண்ணெயில் கரைத்ததால் அவை தேங்காயாகிவிடாது. பால்மத்தை நிலைநிறுத்தும் ஸ்பான் 80, சார்பிட்டாலும் ஒலியிக் அமிலமும் சேர்ந்தது, உணவுப் பொருட்களிலும் சேர்க்கப்படுவது. அதில் எனக்குக் கவலையில்லை. கவலை கேரியர் வெளியேறுவதில்தான். வெளியே போகும் நீரில் பாஸ்பரஸை அளக்காமல் டெப்பா வைத்த எந்த ஓட்டத்தையும் முடித்துக்கொள்வதில்லை. உலோகம் குறைந்தது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணும் இருக்க வேண்டும்.

உணவு எண்ணெயைக் கழிவுநீருக்குச் செலவழிப்பதும் எனக்கு உறுத்துகிறது. துளைத்தாள் சவ்வுக்குச் சில துளி என்றால் பரவாயில்லை, பால்மம் என்றால் லிட்டர் கணக்கு. ஆகவே இப்போது எங்கள் மேசையில் இருப்பது புங்கம் எண்ணெய். சாலையோரப் புங்க மரம் இல்லாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது, எண்ணெய் கசப்பு, யாரும் சமைக்கமாட்டார்கள். செக்கிலிருந்து வரும்போதே கொழுப்பு அமிலம் மிகுதியாக இருப்பதால் முதலில் மெத்தனாலும் கொஞ்சம் கந்தக அமிலமும் சேர்த்து அதை அடக்கிவிட்டு, பிறகு காரம் கொண்டு மெத்தில் எஸ்டராக மாற்றுகிறோம், பயோடீசல் செய்யும் அதே முறை. கெட்டியாக இருந்த எண்ணெய் மண்ணெண்ணெயை நெருங்கும் அளவுக்கு இளகிவிடுகிறது. தீப்பிடிக்கும் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல்தான். பாகுநிலை பற்றி மேலே சொன்ன குறை இதில் பெரும்பகுதி நீங்குகிறது.

இனிப் பார்க்க வேண்டியது, அமிலத்தை ஒட்டி இருக்கும் பக்கத்தில் எஸ்டர் எவ்வளவு காலம் தாங்கும் என்பது. மெத்தில் எஸ்டர் பகுபட்டால் மறுபடி கொழுப்பு அமிலம், அதோடு கொஞ்சம் மெத்தனால். கொழுப்பு அமிலம் கூடினால் பி.எச். ஏறும்போது கால்சியம் மறுபடி எண்ணெய்க்குள் நுழைய வழி கிடைக்கும். கால்சியம் சோப்பு கரையாமல் எல்லையில் நுரைத்துத் திரளும். ஆகவே பி.எச்.சை 2-ஐ விட்டு நகரவிடாமல், லிக்ஸை வைத்து, அரியலூர்ப் போர்வெல் தண்ணீரிலேயே ஓட்டுகிறோம். வாரம் ஒருமுறை சவ்விலிருந்து சிறிது எண்ணெய் எடுத்து ஆல்கஹாலில் கரைத்து, பொட்டாஷ் கொண்டு ஃபினாஃப்தலீன் இளஞ்சிவப்பு வரும்வரை தரம்பார்த்து, அமில எண்ணை நோட்டில் எழுதுகிறோம். அந்த எண் ஏறாத வரைக்கும் அதே எண்ணெய்தான் அடுத்த ஓட்டத்துக்கும்.